உயரமான பையன் கையிலும் பந்தைக் கொடுங்கள்

பிலிப்பைன்ஸ் கூடைப்பந்துச் சங்கமான சமஹாங் பாஸ்கெட்போல் நங் பிலிபினாஸ் நிர்வாகிகளுக்கும், பள்ளி அணிகளை நடத்தும் கோச்சுகளுக்கும்,

வணக்கம்.

2025 ஆகஸ்டில் ஜெத்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக் காலிறுதியில் நம் தேசிய அணியான கிலாஸ் ஆஸ்திரேலியாவிடம் 84-60 என்று தோற்றதைப் பற்றி எழுத வரவில்லை. அதை ஜீப்னி டிரைவர் முதல் செனட்டர் வரை எல்லாரும் பேசித் தீர்த்துவிட்டார்கள். நம் உயரமான ஆட்டக்காரர் காய் சோட்டோ முழங்கால் காயத்தால் போகவில்லை, அதுவும் தெரிந்த கதை. அந்த அணியில் ரிங்குக்குக் கீழே மல்லுக்கட்டப் போன ஜூன் மார் ஃபஹார்டோவுக்கு வயது 35, ஜாபெத் அகிலாருக்கு 38 என்பதை மட்டும் ஓரமாகக் குறித்துவைத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு அடுத்து யார் வரப்போகிறார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

நான் தமிழன். வேலைக்காகக் கேசோன் சிட்டிக்கு வந்து, கூடைப்பந்துக்காகத் தங்கிவிட்டவன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். தமிழில் எழுதினால் உங்களுக்கு எப்படிப் புரியும் என்று கேட்கலாம். என் மொழியில்தான் எனக்குக் கோபம் ஒழுங்காக வருகிறது. உங்கள் காதில் போட இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பதினாலு வயது, 6 அடி 4 அங்குலம். அம்மா முனையில் கரிண்டேரியா என்கிற சின்னச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறார். அப்பா என் காது உயரம்கூட இல்லை, அவன் இந்த உயரத்தை எங்கிருந்து கொண்டுவந்தான் என்று தெருவே கிண்டல் செய்யும். பன்னிரண்டு வயதுவரை அவன் மற்ற பையன்கள் அளவுதான் இருந்தான். பரங்காய் (வட்டார) கோர்ட்டில் ரப்பர் செருப்போடு, ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக ஆடினான். பந்தைத் தட்டிக்கொண்டு, தலையைத் தூக்கி, யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்த்துப் பாஸ் கொடுப்பான். அப்புறம் இரண்டே வருஷத்தில் மளமளவென்று வளர்ந்தான். ஒரு பள்ளி அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. கட்டணம் இல்லை, சாப்பாடு உண்டு, ஷூ உண்டு. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்றோடு அவன் கையிலிருந்து பந்து போய்விட்டது.

சென்ற மாதம் அவன் ஆட்டம் பார்க்கப் போனேன். இரண்டாம் குவார்ட்டரில், கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்து ஒரு ரீபவுண்ட் எடுத்தான். எதிரே ஆள் இல்லை. அவனே பந்தைத் தட்டி டிரிப்பிள் செய்துகொண்டு நடுக்கோட்டைத் தாண்டினான். வலது ஓரத்தில் ஓடிய பையனுக்குத் தரையில் ஒரு தட்டுத் தட்டி அழகான பாஸ் கொடுத்தான். லே-அப், இரண்டு புள்ளி. கைதட்டி முடிப்பதற்குள் கோச் அவனை வெளியே கூப்பிட்டுவிட்டார். "ரீபவுண்ட் எடு, கார்டிடம் கொடு, ஓடிப்போய் ரிங் கீழே நில். உன் வேலை அவ்வளவுதான்" என்று கேலரிவரை கேட்கிற மாதிரி சத்தம். மீதி ஆட்டம் முழுக்கப் பெஞ்ச். முழங்கால் முகவாயைத் தொட, அந்தக் குட்டைப் பெஞ்சில் மடங்கி உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வரும் வழியில், "டிட்டோ (மாமா), அதில் கூடை விழுந்ததே, அப்புறம் ஏன்?" என்று கேட்டான்.

நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கோச்மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் இல்லை. அவர் வேலை கோப்பையில் இருக்கிறது. பதினாலு வயதுப் பையன்கள் ஆட்டத்தில் 6 அடி 4 அங்குலப் பையனை ரிங் கீழே நிறுத்திவைத்தால் இந்த வருஷம் ஜெயிக்கலாம். அவன் கார்டாக ஆடிப் பழகினால் முதலில் நாலு தடவை பந்தை இழப்பான், இரண்டு ஆட்டம் தோற்கலாம். பலன் ஆறு வருஷம் கழித்து, வேறு யாரோ ஒரு கோச்சுக்குக் கிடைக்கும். யாருக்கு வேண்டும் அந்தத் தலைவலி?

ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். இந்த நாட்டில் ஆண்களின் சராசரி உயரம் சுமார் 5 அடி 4 அங்குலம். இங்கே 6 அடி 4 என்றால் ராட்சசன். பன்னாட்டு ஆட்டத்தில் அது கார்டின் உயரம். எங்கள் பையன் இன்னும் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ வளர்ந்து நின்றுவிட்டால், பள்ளியில் ரிங் கீழே நிற்கும் சென்டராக இருந்தவன் கல்லூரியில் 6 அடி 10 அங்குல ஆட்களோடு மோத வேண்டும். முடியாது. சரி, வெளியே வந்து ஓரத்தில், விங்கில் ஆடு என்பார்கள். இருபது வயதில், அழுத்தம் கொடுக்கும் ஒரு கார்டுக்கு எதிரே டிரிப்பிள் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும், தூரத்திலிருந்து எறியக் கற்றுக்கொள்ள வேண்டும். அவனுக்கு அது பன்னிரண்டு வயதிலேயே தெரிந்திருந்தது. மறக்கவைத்தது நீங்கள்.

1954-இல் ரியோவில் இந்த நாடு உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியபோது, 6 அடி 3 அங்குலக் கார்லோஸ் லொய்சாகா சென்டராக நின்று உலகத்தையே சமாளித்தார். உலகம் அதன்பிறகு வளர்ந்துவிட்டது. நம் பள்ளிப் பயிற்சி மட்டும் இன்னும் ரியோவிலேயே நிற்கிறது.

யுஏஏபி கல்லூரித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2016, 2017 இரண்டு வருஷமும் பென் எம்பாலா. 2018-இல் பிரைட் அகுவெட்டி. 2019-இல் சூலமான் சாபி யோ. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் நடந்த இரண்டு சீசன்களில் ஆன்ஷ் குவாமே, மாலிக் டியூஃப். அத்தனை பேரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெரிய ஆட்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நன்றாக ஆடினார்கள், பரிசு வாங்கினார்கள். அந்த வருஷங்களில் உள்ளூர் சென்டர்கள் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் பெஞ்சில். அந்த வரிசையை 2023-இல் உடைத்தவர் யார்? கெவின் கியம்பாவ். உயரம் சுமார் 6 அடி 6. ரிங் கீழே இடித்துத் தள்ளி அவர் உடைக்கவில்லை. ரீபவுண்ட் எடுத்து, தானே பந்தைக் கொண்டுபோய், தானே பாஸ் கொடுத்து, த்ரீ பாயிண்டும் எறிந்து உடைத்தார். அடுத்த வருஷமும் அவருக்கே. எங்கள் பையனைப் பெஞ்சில் உட்காரவைத்த அதே காரியத்துக்காகத்தான் கியம்பாவுக்கு இரண்டு முறை விருது கிடைத்தது.

கார்ல் தமாயோவும் அப்படித்தான். 6 அடி 8 அங்குலம், வெளியே நின்று எறியத் தெரியும், உள்ளேயும் போவார். கொரியாவுக்குப் போய், 2025-இல் எல்ஜி சேக்கர்ஸ் அணியோடு அந்த லீக்கின் கோப்பையையே வாங்கினார். பன்முகத் திறமை உள்ள உயரமான பிலிப்பினோவுக்கு ஆசியா முழுக்கச் சந்தை இருக்கிறது. ரிங் கீழே மட்டும் நிற்கத் தெரிந்த 6 அடி 5 அங்குலப் பையனுக்கு அடுத்த ஊரில்கூட இடமில்லை.

இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பைத்தியம் என்று சிலர் சொல்கிறார்கள். ரமோன் ஃபெர்னாண்டஸை இந்த ஊரிலேயே மறந்துவிட்டீர்களா? 6 அடி 4 அங்குலத்துக்குச் சென்டர். பந்தைத் தானே மேலே கொண்டுவருவார், கார்டு மாதிரி பாஸ் கொடுப்பார். 1984-இல் புள்ளி, ரீபவுண்ட், கூடைக்கு வழிசெய்த பாஸ் மூன்றிலும் ஆட்டத்துக்குப் பத்து என்கிற ட்ரிபிள் டபிள் சராசரியைத் தொட்டும் தொடாமலும் ஒரு சீசனையே ஆடி முடித்தார். நாட்டின் தொழில்முறை லீக்கான பிபிஏ-வில் நாலு முறை சிறந்த ஆட்டக்காரர், மொத்தம் 18,996 புள்ளிகள். இன்றைக்கு அவர் பதினாலு வயதில் வந்திருந்தால் எத்தனை ஆட்டம் பெஞ்சில் இருந்திருப்பாரோ.

ஃபஹார்டோவைக் காட்டுவீர்கள், தெரியும். 2014 முதல் 2019 வரை தொடர்ந்து ஆறு முறை பிபிஏ-வின் சிறந்த ஆட்டக்காரர், ரிங்குக்கு முதுகு காட்டி ஆடியே. உண்மை. ஆனால் அவர் 6 அடி 10 அங்குலம், அந்த உடம்பு, அந்தப் பொறுமை. அப்படி ஒருவர் தலைமுறைக்கு ஒருமுறை வருவார். மீதி நூறு பையன்களை அவர் அச்சில் போட்டு வார்க்க முடியாது.

உங்களுக்குக் கடினமில்லாத ஒரு காரியத்தைச் சொல்கிறேன். ஜப்பானில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் ஆட்டங்களில், ஆளை விட்டு இடத்தைக் காக்கும் ஜோன் டிஃபன்ஸுக்குத் தடை. ஏன் என்று யோசித்தால் எல்லாம் விளங்கும். ஜோன் போட்டால் உயரமானவன் ரிங்குக்கு முன்னாலுள்ள பெயிண்டுக்குள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும், பந்து அவனிடம் வரும். ஆளுக்கு ஆள் டிஃபன்ஸ் என்றால் அவன் எதிராளியோடு வெளியே வர வேண்டும், பக்கவாட்டில் கால் நகர்த்த வேண்டும், வழிமறித்து நிற்கும் ஸ்க்ரீனைச் சுற்றி ஓட வேண்டும். ஒருவன் வழிமறித்துக் கொடுக்க இன்னொருவன் பந்தோடு பாயும் பிக் அண்ட் ரோலில் சின்னக் கார்டு ஒருவன் எதிரே வந்து நிற்கும்போது கிலாஸ் அணியின் பெரிய ஆட்கள் தடுமாறுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோமே, அந்தக் கால் வேலையை இருபத்தைந்து வயதில் கற்றுக்கொடுக்க முடியாது. பதினைந்துக்குள் வர வேண்டியது அது.

அதைவிட எளிய வழி ஒன்று நம்மிடம் இருக்கிறதே என்று நினைக்கிறீர்களோ என்னவோ. 2011-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் மார்கஸ் டௌத்திட்டுக்குக் குடியுரிமை கொடுக்க ஒரு சட்டம். 2014-இல் ஆன்ட்ரே பிளாட்ச்சுக்கு ஒரு சட்டம். 2021-இல் குவாமேவுக்கு, 2023-இல் ஜஸ்டின் பிரவுன்லீக்கு. நல்ல சாலை கேட்டால் வருஷக்கணக்கில் கமிட்டி போடுகிறவர்கள், குடியுரிமை கொடுத்துச் சென்டர் வரவழைப்பதில் காட்டும் சுறுசுறுப்பைப் பார்த்தால் புல்லரிக்கிறது. காங்கிரஸில் மசோதா போட்டு உயரத்தை இறக்குமதி செய்கிற நாடு வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இத்தனைக்கும் அப்படி வந்தவர்களில் ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டாடும் பிரவுன்லீ சென்டரே இல்லை. 6 அடி 6 அங்குலத்துக்கு எறிகிறார், பாஸ் கொடுக்கிறார், பந்தைக் கொண்டுபோகிறார். நம் பையன்களிடம் தடுத்துவைத்திருக்கும் ஆட்டத்தைத்தான் அவரிடம் கைதட்டி வாங்கிக்கொள்கிறோம்.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். குடியுரிமைச் சட்டம் உங்கள் மேஜையில் எழுதப்படுவதில்லை. பள்ளிப் பையன்கள் பயிற்சி உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். 16 வயதுவரை எந்தப் பையனுக்கும் இவன் சென்டர் என்று முத்திரை குத்தாதீர்கள். கார்டுகள் செய்யும் டிரிப்பிள், பாஸ், எறிதல் பயிற்சி எல்லாவற்றையும் உயரமானவர்களும் அதே நேரத்தில், அதே அளவுக்குச் செய்யட்டும். ஆட்டத்தில் ரீபவுண்ட் எடுத்தவன் தானே பந்தைக் கொண்டுபோக விடுங்கள். தவறினால் தவறட்டும். அமெரிக்காவில் ஆன்டனி டேவிஸ் பள்ளியில் பாதிக் காலம் கார்டாக ஆடி, அப்புறம் திடீரென்று 6 அடி 10-க்கு வளர்ந்தவர். வளர்ந்தபிறகு அவர் கையிலிருந்து யாரும் பந்தைப் பிடுங்கவில்லை.

இதைச் சுற்றறிக்கையாக அனுப்பினால் கோச்சுகள் மடித்து டிராயரில் வைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால் ஒரு யோசனை. இளையோர் தேசிய அணியான பதாங் கிலாஸ் தேர்வில் உயரமான பையன்களை வரிசையில் நிறுத்தி அளப்பதோடு விடாமல், ஒரு கார்டை எதிரே விட்டு, பந்தோடு கோர்ட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகச் சொல்லுங்கள். ஓடுகிறவனுக்கு இரண்டு கையாலும் பாஸ் கொடுக்கச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து பத்து எறியச் சொல்லுங்கள். இதற்கு மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். தன் பையன் தேசிய அணிக்குப் போனான் என்று பள்ளி வாசலில் தட்டி கட்ட ஆசைப்படாத கோச் இந்த நாட்டில் கிடையாது. அடுத்த சீசனிலேயே அவர்களாக உயரமான பையன்கள் கையில் பந்தைக் கொடுப்பார்கள். உங்களுக்குச் செலவு ஒரு அறிவிப்பு மட்டும்.

அதோடு இந்தப் பையன்களுக்கு முழங்கால் வலி சகஜம். எலும்பு வேகமாக வளரும்போது தசைநார் இழுபடும். அந்த வயதில் இன்னும் இருபது தடவை குதி என்று தண்டிக்க வேண்டாம் என்பதையும் கோச்சுகளுக்கான உங்கள் வகுப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.

அடுத்த பதாங் கிலாஸ் தேர்வுக்கு முன்னால் இந்த அறிவிப்பு வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பையனும் வருவான். பந்தைக் கொடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
கேசோன் சிட்டியிலிருந்து ஒரு ரசிகன்