பாப்பாவின் முதல் சோறு, பழநி, கொடைக்கானல்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்விக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகும் உன் குரல் காதிலேயே இருந்தது. பாப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. வியாழக்கிழமை ராத்திரி ரயிலில் பழநிக்குக் கிளம்புகிறீர்கள். அங்கே மலைக்கோயிலில் அன்னம் ஊட்டிவிட்டு, அப்படியே கொடைக்கானலில் மூன்று நாள். "டிக்கெட்டை கேன்சல் பண்ணிடட்டுமா அக்கா?" என்று கேட்டாயே, அதற்குப் போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பின்னால் பிள்ளைகள் சத்தம், அடுப்பில் பால்.

கேன்சல் பண்ணாதே. தைரியமாகப் போய்விட்டு வா. நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே பழநிக்கும் கொடைக்கானலுக்கும் இதே வயதுப் பிள்ளையோடு நாங்கள் போனோம். அப்போது நான் செய்த தப்பை நீ செய்யக்கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பயணத்துக்காக முதல் சோறு ஊட்டும் நாளை முன்னால் இழுக்காதே. 180 நாள் முடியட்டும். திங்கட்கிழமை காலையில், அவள் தூங்கி எழுந்து நல்ல மனநிலையில் இருக்கும்போது வீட்டிலேயே ஆரம்பி. தலை நன்றாக நிற்கிறதா, லேசாகப் பிடித்துக்கொண்டால் நேராக உட்காருகிறாளா, நீங்கள் சாப்பிடும்போது உங்கள் வாயையே பார்த்துக் கையை நீட்டுகிறாளா என்று பார். கரண்டியை வைத்ததும் நாக்கால் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் அவள் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். அப்படியானால் ஊருக்குப் போய்விட்டு வந்து ஆரம்பிக்கலாம். ஒரு வாரத்தில் ஒன்றும் குறைந்துவிடாது. கோயிலில் சாஸ்திரத்துக்கு ஒரு பருக்கையை நசுக்கி உதட்டில் தொட்டு வைத்தால் உன் மாமியாருக்கும் மனசு நிறைந்துவிடும்.

ஆரம்பித்துவிட்டால், பயணம் முடியும் வரை இரண்டே இரண்டு சாப்பாடுதான். திங்கள், செவ்வாய் அவல் கஞ்சி. புதன்கிழமையிலிருந்து மசித்த வாழைப்பழமும் சேர்த்துக்கொள். ஊரில் புதிதாக எதுவும் வேண்டாம். முட்டை, வேர்க்கடலை எல்லாம் ரொம்ப நாள் தள்ளிப்போட வேண்டியதில்லை என்றுதான் இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் அதையெல்லாம் நம் வீட்டில், நமக்குத் தெரிந்த டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது கொடுத்துப் பார்க்கலாம். உடம்பெல்லாம் தடித்துப்போனால் ராத்திரியில் மலைப்பாதையில் எங்கே ஓடுவாய்?

ஏன் அவல் என்று கேட்பாய். அதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் தஞ்சாவூரிலிருந்து காரில் போனோம். காலை நாலு மணிக்கு அம்மாவும் நானும் எழுந்து ராகியை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டி, பால் எடுத்துக் காய்ச்சினோம். அழகாக, பளபளவென்று கூழ் வந்தது. அதை ஒரு புது ஃபிளாஸ்கில் ஊற்றி மூடினேன். சூடாகத்தானே இருக்கும், கெட்டுப்போகாது என்று நினைத்தேன். பழநியில் மலை ஏறும் வின்ச் வண்டிக்கு வரிசையில் நின்று, தரிசனம் முடித்துக் கீழே வந்து மூடியைத் திறந்தபோது மணி பதினொன்றரை. சூடு போய் வெதுவெதுப்பாக இருந்தது. ராகி வாசனைக்கு அடியில் லேசாக ஒரு புளிப்பு. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான். பையன் பசியில் அழுதான். நான்கு கரண்டி ஊட்டிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி கொடைக்கானல் குளிரில் அவனுக்கு ஆறு தடவை வயிற்றோட்டம். ஓ.ஆர்.எஸ். தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே, தாய்ப்பாலையும் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் பார்த்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. "பாலை நிறுத்தாம கொடுத்தீங்களே, அதுதாம்மா நல்லதாப் போச்சு" என்றார். அந்த வெதுவெதுப்புதான் கிருமிக்கு ரொம்பப் பிடித்த சூடு என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சமைத்த சாப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் குழந்தைக்கு வேண்டாம். கரண்டி பட்ட மிச்சத்தை ஒரு மணி நேரம் கழித்துக் கொடுக்கவே கூடாது, எச்சில் பட்டதும் அது கெட ஆரம்பித்துவிடும்.

அதனால்தான் கூழாகக் கொண்டுபோகாதே, பொடியாகக் கொண்டுபோ என்கிறேன். ராகி மாவு வெறும் சுடுதண்ணீரில் வேகாது, அடுப்பு வேண்டும். அவல் அப்படியில்லை. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத்தான் அவல் செய்கிறார்கள். ஏற்கெனவே சூடு கண்டது. சிவப்பு அவலைச் சுத்தம் பண்ணி, வெறும் வாணலியில் சிறு தீயில் போட்டு, விரலால் நசுக்கினால் நொறுங்கும் வரை வறு. ஆறவிட்டு மிக்ஸியில் நைஸாக அரைத்து, சலித்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டு வை. வேண்டியபோது கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கலந்து, ஐந்து நிமிஷம் மூடி வைத்தால் நன்றாக ஊறிக் கூழாகிவிடும். கரண்டியைச் சாய்த்தால் தண்ணியாக ஓடாமல் மெதுவாக வழிய வேண்டும், அதுதான் பதம். கெட்டியானால் உன் பாலையே கொஞ்சம் பீய்ச்சிக் கலந்துகொள். உப்பு, சர்க்கரை எதுவும் போடாதே.

உன் மாமியார் பருப்புத் தண்ணி, கஞ்சித் தண்ணி கொடுக்கலாம் என்று சொல்லியிருப்பார்கள். நம் வீட்டிலும் சொன்னார்கள். சின்ன வயிற்றை வெறும் தண்ணீரால் நிரப்பினால் பாலுக்கும் இடம் இருக்காது. கொடுத்தால் பருப்பையே குழைய மசித்துக் கொடுக்க வேண்டும், அதை ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான ஒன்று. அன்னம் ஊட்டும் அன்றைக்கு யாராவது ஒருவர், ஆசையாகத்தான், பஞ்சாமிர்தத்தை விரலால் தொட்டுப் பாப்பா நாக்கில் வைக்க வருவார்கள். விடாதே. மலை வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, நெய், ஏலக்காய் எல்லாம் சேர்ந்ததுதான் என்றாலும் அதில் தேன் இருக்கிறது. ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு துளிகூட ஆகாது. தேனில் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அவை ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும். மலச்சிக்கல், அழுகைச் சத்தம் மெலிந்துபோவது, பால் உறிஞ்சச் சக்தியில்லாமல் துவண்டுபோவது என்று போகும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. அடிக்கடி நடக்கிற விஷயமில்லை, ஆனால் நடந்தால் பெரிய ஆபத்து. சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்கிறோமே என்று தயங்காதே. முன்னாலேயே மாமியாரிடம் தனியாக, பதமாகச் சொல்லிவை. அவர்களே அன்றைக்கு மற்றவர்களைத் தடுப்பார்கள். சர்க்கரைப் பொங்கலில் ஒரு பருக்கை என்றால் நான் சண்டை போட மாட்டேன், முந்திரி, திராட்சை இல்லாமல் பார்த்துக்கொள்.

பழநி அடிவாரத்தில் விருப்பாச்சி, சிறுமலை வாழைப்பழம் கிடைக்கும். சின்னதாக, தோல் கறுத்துச் சுருங்கி, பார்க்கச் சுமாராக இருக்கும். அதுதான் நன்றாகப் பழுத்தது. பயணத்தில் அதைவிடச் சுத்தமான சாப்பாடு இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அப்போதே உரித்து, அப்போதே மசித்துக் கொடு.

மலை ஏறும்போது வண்டியில் எதுவும் ஊட்டாதே. பழநியிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 65 கிலோமீட்டர், வளைவு மேல் வளைவு. குலுக்கலில் புரை ஏறினால் உனக்குத் தெரியவே நேரமாகும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே சாப்பாட்டை முடித்துவிடு. இடையில் அழுதால் ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பால் கொடு. பேருந்து நிலையங்களில் 2015-லிருந்து பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று தயங்காமல் கேள்.

மேலே போனதும் தண்ணீர் விஷயம் வேறு மாதிரி. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேலே. அங்கே தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். பையனுக்கு வயிறு சரியான மறுநாள், குழைந்த சோறு வேண்டும் என்று தங்கிய இடத்துச் சமையலறையில் கேட்டேன். ஒரு பிடி அரிசியைப் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வேகவைத்தார்கள். விரலில் எடுத்து நசுக்கினால் நடுவில் வெள்ளையாக ஒரு நறுக்கு நின்றது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பாட்டிதான் "இங்க குக்கர் இல்லாம வேகாது கண்ணு" என்று சொல்லி, சின்ன குக்கரில் வைத்து ஆறு விசில் விட்டுக் கொடுத்தார். அந்தக் கிண்ணத்தை வாங்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2,000 மீட்டருக்கு மேலே தண்ணீரை மூன்று நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். கெட்டில் கொதித்த உடனே தானாக அணைந்துவிடும், திரும்பத் திரும்பப் போட்டு விடு. கிண்ணம், கரண்டி மேலேயும் அந்தத் தண்ணீரையே ஊற்றி எடு. அங்கே 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு, அதனால் இரண்டு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள். அப்புறம், இ-பாஸ் போட மறந்துவிடாதீர்கள், 2024-லிருந்து அது கட்டாயம். சோதனைச் சாவடியில் பாப்பாவை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

ரயிலில் கெட்டிலைச் சொருகாதே, அதற்கு அனுமதி இல்லை. அந்த ஒரு ராத்திரிக்குப் பாலே போதும்.

எங்கேயாவது மாட்டிக்கொண்டு எதுவுமே இல்லையென்றால், ஓட்டலில் ஆவி பறக்க எடுத்த இட்லி. நடுப்பகுதியை மட்டும் எடுத்துக் கொதித்த தண்ணீரில் ஊறவைத்து மசித்துவிடு. சட்னி, சாம்பார், தயிர் பக்கம் போகாதே. கடையில் விற்கிற இரும்புச்சத்து சேர்த்த செரியல் பிரிக்காத பாக்கெட் ஒன்று பையில் இருந்தாலும் தப்பில்லை, வீட்டில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு சாப்பிட்டாள் என்று எண்ணிக்கொண்டு இருக்காதே செல்வி. இந்த வயதில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று ஸ்பூன் போனாலே நல்ல ஆரம்பம். ஒரு நாளைக்கு அவளுக்கு வேண்டிய சுமார் 600 கலோரியில் 400 இன்னும் பாலிலிருந்துதான் வருகிறது. வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் விட்டுவிடு. முதலில் ஓங்கரிப்பாள், கண்ணில் தண்ணீர் வரும், சத்தம் வரும். அது பழகும் வரை அப்படித்தான். சத்தமே இல்லாமல், மூச்சு வாங்க முடியாமல் திணறினால்தான் ஆபத்து. அதற்கு என்ன செய்வது என்று தடுப்பூசிக்குப் போகும்போது நர்ஸம்மாவிடம் செய்துகாட்டச் சொல், உன் வீட்டுக்காரரையும் கூட நிறுத்தி.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, மலத்தில் ரத்தம், கண் உள்ளே போனது மாதிரி இருக்கிறது, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறாள், இதில் ஒன்று இருந்தாலும் எனக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. மற்ற எதற்கும் எந்த நேரமானாலும் கூப்பிடு.

நாளை சாயங்காலம் அத்தான் உன் வீட்டுப் பக்கம் வருகிறார். கெட்டிலையும் சின்ன குக்கரையும், பையன் சாப்பிட்ட குட்டி எவர்சில்வர் கிண்ணத்தையும் கொடுத்தனுப்புகிறேன். கிண்ணத்து அடியில் ஒரு நசுங்கல் இருக்கும். கொடைக்கானலில் மூன்றாம் நாள், நன்றாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு அவன் தட்டிவிட்டது.

அன்புடன்,
அக்கா