எங்கள் பிள்ளைகள் முந்தியும் சிரித்தவர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்ப் பாடசாலைக்குப் பொம்மலாட்டக் குழு வந்துபோன செய்தியைக் கடந்த ஞாயிறு படத்தோடு போட்டிருந்தீர்கள். படத்தில் வாய் நிறையச் சிரிப்பவன் என் மகளின் மகன். கீழே, 'போரால் பாதிக்கப்பட்ட வன்னிச் சிறார்கள் முதன்முறையாக மனம்விட்டுச் சிரித்தனர்' என்று இருந்தது. அவன் தரம் நான்கு. தானே வாசித்துவிட்டு, "அம்மம்மா, நான் முந்தி ஒருநாளும் சிரிக்கேல்லையோ?" என்று கேட்டான்.

யுத்தம் முடிந்து ஏழு வருடத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை அவன். யுத்தத்துக்குள் கிடந்தவர்கள் நாங்கள். நாங்களும் சிரித்தோம், ஐயா. 2009இல் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்தபோது என் கடைசி மகனுக்கு ஆறு வயது. கிழிந்த காலுறையில் இரண்டு சட்டைப் பொத்தானைக் கண்ணாகத் தைத்துக் கையில் மாட்டுவேன். அந்தக் காலுறைக் கிழவி தண்ணீர் வரிசையில் சண்டை பிடிப்பதுதான் கதை. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளும் வந்து குந்திவிடுவார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் காவல் நின்ற பெடியன் எட்டிப் பார்த்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. அப்போதும் பத்திரிகை நடத்தியவர்தானே நீங்கள்.

எங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஏன் 'பாதிக்கப்பட்ட', 'பின்தங்கிய' என்றே தொடங்குகிறீர்கள்? கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் விடிய விடியப் பார்த்து வளர்ந்த சனம் நாங்கள்.

செய்தியில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், அனுசரணையாளர் என்று ஒன்பது பெயர்கள். பாவையாட்டிய மூவரில் ஒருவர் பெயரும் இல்லை. அவர்கள் ஓட்டோவில் இரண்டு பெட்டியோடு காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, உரைகள் முடியப் பத்தரை. அதுவரை பிள்ளைகள் வெயிலில். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் விருந்தினரும் உங்கள் நிருபரும் எழும்பிப் போய்விட்டார்கள்.

"ஆச்சி, பின்னுக்குக் குரங்கு!" என்று முழுப் பாடசாலையும் கத்தியதை உங்கள் நிருபர் கேட்கவில்லை. முடிந்ததும் திரையை விலக்கி, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பாவையை மாட்டிவிட்டார்கள். அதையும் அவர் காணவில்லை. மூவரில் மூத்தவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். முக்கால் மணித்தியாலம் கையைத் தலைக்கு மேலே பிடித்தபடி ஆட்டிவிட்டு, தோளைத் தடவிக்கொண்டு பிளேன்ரீ குடித்தார்.

தெற்கே அம்பலாங்கொடை, மிரிஸ்ஸ பக்கத்து நூல்பாவைக் கூத்து 2018இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. சந்தோஷம். எங்கள் பாவைக்காரருக்கு ஒரு செய்தியில் பெயர்கூட இல்லை.

வரும் ஞாயிறு அந்த மூவரின் பெயரை ஒரு மூலையிலாவது போடுங்கள். அவர்களிடமே கேட்டு, எழுத்துப் பிழை இல்லாமல் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அம்மம்மா,
ஒட்டுசுட்டான்.