நடன அமைப்பு என்றொரு வரி

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். உங்கள் மாணவி ஒருத்தியின் பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. பாட்டு, மிருதங்கம், வயலின், ஒப்பனை என எல்லோர் பெயரும் இருக்கிறது. தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கத்துக்கு நேரே உங்கள் பெயர். நடன அமைப்பு என்று ஒரு வரியே இல்லை. அந்தப் பிள்ளை ஆடப்போகும் வர்ணத்துக்குத் தாளச் சொற்களான ஜதி கோத்தவர் யார், தில்லானாவின் கடைசிக் கோர்வை தாளத்தில் சரியாக வந்து விழும்வரை அதை மாற்றி மாற்றிப் பார்த்தவர் யார் என்பது அழைப்பிதழைப் படிப்பவருக்குத் தெரியப்போவதில்லை. இப்படியேதான் எத்தனையோ ஆண்டுகளாக அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். நேரில் சொன்னால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் நாலு பேர் படிக்கும்படியே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் அமைத்த தறி நடனத்தைப் பற்றி முதலில் பேச வேண்டும். சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். அந்தச் சத்தத்துக்குள் ஒரு தாளம் இருப்பதை உங்கள் வகுப்புக்கு வந்த பிறகுதான் கேட்டேன். காலால் மிதிப்பது, ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை வீசுவது, பலகையை இழுத்து அடிப்பது. மிதி, வீச்சு, அடி. அதை அப்படியே 'தகிட' என்று மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் எடுத்தீர்கள். ஆறு பெண்கள் இரண்டு வரிசையாக, தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல்களாக நிற்பார்கள். ஒரு வரிசை எழும்போது மறுவரிசை முழுமண்டியில் அமரும். அந்த இடைவெளியில் ஏழாவது பெண் நாடாவாகக் குறுக்கே ஓடுவாள். ஊடை ஒவ்வொன்றாகச் சேரச் சேர, பார்க்கிறவர் கண்முன்னே சேலை வளரும்.

அதை அமைக்கும்போது எங்கள் வீட்டுத் தறிக்குழிக்கு அருகே பாய் விரித்து உட்கார்ந்து அப்பாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு அப்பாவை ஒத்திகைக்கு அழைத்தீர்கள். அவர் தயங்கித் தயங்கி, "நாடா போன வேகத்தில் திரும்பாதும்மா, ஓரத்தில் ஒரு நொடி நின்றுதான் வரும்" என்றார். அன்றே நாடாப் பெண்ணின் திருப்பத்தில் ஒரு கார்வை வைத்தீர்கள். அந்த ஓர் அட்சர நிறுத்தம்தான் நடனத்துக்கு உயிர் கொடுத்தது என்பேன். நூல் அறும் இடம் அதைவிடப் பெரிது. ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று முழுக்க மிருதங்கமும் இல்லை, சலங்கையும் இல்லை. ஒரு பெண் மட்டும் விரல்நுனிகளால் அறுந்த நூலைத் தேடி முடிச்சிடுவாள். நெசவாளி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும், அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அரங்கிலும் யாரும் பேசவில்லை.

இந்த நடனம் இன்று எங்கே இருக்கிறது, டீச்சர்? உங்கள் நினைவிலும் எங்கள் ஏழு பேர் கால்களிலும்தான். எழுவரில் ஒருத்தி திருப்பூரில், ஒருத்தி பெங்களூரில். நாடாவாக ஓடியவள் ஆடுவதையே நிறுத்திவிட்டாள். யாரோ கைப்பேசியில் எடுத்த காணொளியில் பாதி மேடைதான் தெரிகிறது.

அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று நாம் இன்று ஆடும் வரிசையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தியவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சைச் சகோதரர்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். அவர்களுடைய உருப்படிகளை வாரிசுகளும் சீடர்களும் பாடம் பண்ணிக் காத்ததால் அவை நம் கைக்கு வந்தன. சென்னையில் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி 1986இல் மறைந்தார். அவர் அமைத்த நாட்டிய நாடகங்களைக் கலாக்ஷேத்ராவில் இன்றும் ஆடுகிறார்கள். அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனமே நின்றது. சேலத்தில் மாடி வகுப்பு நடத்துகிற ஓர் ஆசிரியைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அந்த வேலையை உங்கள் மாணவிகள் நாங்கள்தான் செய்தாக வேண்டும்.

உங்களுக்கு நேரம் இல்லை என்பதும் தெரியும். விஜயதசமிக்குச் சேரும் குழந்தைகளுக்கு முதல் பாடமான தட்டடவு. ஜனவரி பிறந்தால் பள்ளி ஆண்டு விழாக்கள். அங்கே சினிமாப் பாட்டுக்குத்தான் ஆடச் சொல்வார்கள். அதற்கும் முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி சரியாக இருக்க வேண்டும் என்று மல்லுக்கட்டுவீர்கள். மே மாதம் ஏற்காடு கோடை விழா. 20 கொண்டை ஊசி வளைவுகளில் வேன் ஏறும்போது மடியில் எலுமிச்சம்பழப் பையுடன் பிள்ளைகளைக் கவனித்தபடியே வருவீர்கள். மேலே போனால் மேடை பாதி அளவுதான் இருக்கும், நேரமும் பாதியாகக் குறைந்திருக்கும். விரிப்பு பனியில் நனைந்திருக்கும். நின்ற இடத்திலேயே எட்டுப் பேர் நடனத்தை ஐந்து பேருக்கு மாற்றி, யார் எங்கே நிற்பது என்று தரையில் சாக்கட்டியால் குறித்துக் காட்டுவீர்கள். நடன அமைப்பு என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அரங்கேற்றத்துக்கு ஆகும் செலவைக் கண்டு, கற்ற பிள்ளைகள் மேடையேறாமலே நின்றுவிடுவதைப் பார்த்துக் கூட்டு அரங்கேற்றம் தொடங்கினீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் தொழிலாளியின் மகளும் நகைக்கடை வீட்டுப் பெண்ணும் ஒரே மேடையில், ஒரே பக்கவாத்தியத்துக்கு ஆடினார்கள். "அரங்கேற்றம் கல்யாணமா, மண்டபத்தை அடைத்துச் சோறு போட?" என்று கேட்டீர்கள். சில பெற்றோர் கோபித்துக்கொண்டு பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றினார்கள். நீங்கள் மாறவில்லை. எனக்கு அதில் இன்றும் பெருமைதான்.

இன்னொன்று. மாவட்டக் கலை மன்றம் 51 முதல் 65 வயதுக்குள் உள்ள கலைஞர்களுக்குக் கலை நன்மணி விருது தருகிறது. உங்களுக்கு அந்த வயதுதான். விண்ணப்பத்தோடு சான்றுகளை இணைக்க வேண்டும். உங்களிடம் என்ன இருக்கிறது? பழைய அழைப்பிதழ்கள்கூடப் பரணில், பாதி கரையான் தின்ற நிலையில். விருதுக்காக நீங்கள் ஆடவில்லை என்பீர்கள். சரிதான். ஆனால் ஆடியதற்குச் சான்றே இல்லாமல் போவது வேறு விஷயம், டீச்சர். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் உங்களைக் கேட்காமலே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்த ஞாயிறு காலை வகுப்பு முடிந்ததும் நாங்கள் நான்கு பேர் வருகிறோம். மிருதங்கம் வாசிக்கும் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் தட்டுக்கழியை எடுத்துக்கொண்டு ஆட்டத்துக்கான தாளச் சொற்களைச் (சொல்லுக்கட்டு) சொன்னால் போதும். தாளக் குறியோடு நான் எழுதிக்கொள்கிறேன். யார் எங்கே நின்றோம் என்பதை மற்றவர்கள் கட்டம் போட்டு வரைவார்கள். உங்கள் இடது தோள் வலிப்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தறி நடனத்தில் தொடங்கலாம். நூல் அறுந்த பிறகு ஐந்தைந்தாக எண்ணும் கண்ட நடையில் வரும் கோர்வை எனக்கு மறந்துவிட்டது. அதை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவி