தாய்மொழி எது என்று கேட்டால்

கண்ணு,

போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். சின்னவனைப் பள்ளியில் சேர்த்தபோது தாய்மொழி மலையாளம் என்று போட்டீர்கள், சரி, மாப்பிள்ளை மலையாளி, அவன் உங்கள் ரெண்டு பேர் பிள்ளை, நான் தலையிட மாட்டேன். ஆனால் "2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என் தாய்மொழியும் மலையாளம் என்றே சொல்லிவிடப் போகிறேன், எதற்கு வம்பு" என்றாயே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

எனக்கு மலையாளத்தின் மேல் ஒரு கோபமும் இல்லை. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு கோபப்பட்டால் பிழைக்க முடியுமா? பால் சொசைட்டியில் செக்ரட்டரி ஃபேட் அளவை மலையாளத்தில் வாசிப்பார், "நேத்து நாலு இருந்துச்சே, ராத்திரியோட ராத்திரியா எப்படி மூணரை ஆச்சு" என்று நான் தமிழில் சண்டைக்குப் போவேன், அவரும் தமிழிலேயே சமாளித்துவிட்டு நோட்டில் மலையாளத்தில் எழுதிக்கொள்வார். நீ இருக்கும் பாலக்காட்டிலேயே பார், கல்பாத்தி அக்ரஹாரத்திலும் ராவுத்தர் வீடுகளிலும் உள்ளே தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். யாரும் அதற்காகக் கூனிக் குறுகுவதில்லை.

காலேஜில் உன்னைப் பாண்டி என்று, தமிழர்களை மட்டம் தட்டும் அந்தப் பேரில் கூப்பிட்டது இன்னும் உன் மனசில் இருக்கிறது, எனக்குத் தெரியும். (கோயம்புத்தூர் சித்தி வீட்டில் நம் பேச்சில் மலையாள வாடை அடிக்கிறது என்று சிரிப்பார்கள், அவர்களை என்ன செய்ய.)

ஆனால் தலை எண்ணுகிற விஷயம் வேறு. சிறுபான்மை மொழிக்கு ஆசிரியர் வேண்டுமென்றால் பள்ளியில் 40 பிள்ளைகளாவது வகுப்பில் 10 பிள்ளைகளாவது இருக்க வேண்டும் என்று 1956-லேயே மத்திய அரசு குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. இங்கே பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள், பிள்ளைகள் குறைந்தால் அந்த வகுப்புப் பிரிவு போச்சு, டீச்சரும் போச்சு. தமிழ் மீடியத்தில் வருஷா வருஷம் அந்த ஒரு நாளுக்குத்தான் பயம். தமிழில் மனு எழுதிக் கொடுக்கக் கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. போன மாதம் ஓர் ஆபீசில் நான் அப்படிக் கொடுத்தபோது முகத்தைச் சுளித்தார்கள், ஆனாலும் வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. இங்கே தமிழர்களே இல்லை என்று கணக்கு சொன்னால் அதுவும் எத்தனை நாளைக்கு?

உனக்கு இதில் நஷ்டமும் இல்லை. 2011-ல் தாய்மொழியைக் கேட்ட பிறகு, தெரிந்த வேறு ரெண்டு மொழிகளையும் கேட்டார்கள். இந்த முறையும் கேட்டால் மலையாளத்தை அங்கே தாராளமாகச் சொல். மாப்பிள்ளையையும் தமிழ் தெரியும் என்று சொல்லச் சொல், என்னிடம் விடிய விடிய பேசுகிறவர்தானே.

அம்மா