பலகை மேல் நின்று மாவாட்டிய வீடு

அன்பு மகளுக்கு,

நேற்று வீடியோ காலில் பேரன் கையை ஊன்றித் தவழ்ந்து கட்டிலுக்கு அடியில் புகுந்ததைப் பார்த்துச் சிரித்தோம். போனை வைத்த பிறகு உன் அப்பா, "அந்தக் கட்டிலுக்கு அடியில்தானே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கும்?" என்று கேட்டார். அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பழைய வீட்டுக் கிரைண்டர் உனக்கு நினைவிருக்கும். ஈரக்கையோடு தொட்டால் சுருசுருவென்று கரண்ட் ஏறும். நாலு வருடம் அதில்தான் மாவாட்டினேன். முன்னால் ஒரு மணைப்பலகையைப் போட்டு அதன் மேல் நின்றுகொள்வேன். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் என்பதால் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. "பலகை மேல நில்லு கண்ணு" என்று உனக்கும் நானேதான் சொல்லிக்கொடுத்தேன். ஆறாம் வகுப்பு லீவில் ஒருநாள் நீ பலகையை மறந்துவிட்டாய். கழுவிவிட்ட தரையில் வெறுங்காலோடு நின்று மாவைத் தள்ளிவிடப் போனாய். அது தூக்கி எறிந்ததில் சுவரில் போய் மோதி விழுந்தாய். எறிந்ததால் பிழைத்தாய். பிடித்து இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயந்திரம் வந்த எலக்ட்ரீஷியன் ஒரு குண்டு பல்பில் இரண்டு வயரை மாட்டிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினார். பிளக் பாயின்ட்டின் கீழ் ஓட்டைகள் இரண்டிலும் வைத்தால் பல்பு எரிந்தது. கரண்ட் வரும் ஓட்டையில் ஒரு வயரை அப்படியே விட்டு, இன்னொன்றை மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்கு மாற்றினார். எரியவில்லை. போர்டைக் கழற்றிப் பார்த்தால் அங்கே எர்த் வயரே வந்து சேரவில்லை. வயரிங் செய்தவர் பாதியில் விட்டிருக்கிறார். வெளியே பார்த்தால் மூன்று ஓட்டை, மூன்று பின், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கிரைண்டர் உடம்பில் கசிந்த கரண்டுக்கு மண்ணுக்குள் போக வழி இல்லை. நாம் தொட்டபோது நம் உடம்பே அதற்கு வழியாகிவிட்டது.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் நான் அங்கே வந்திருந்தபோது ஃபிரிட்ஜ் கைப்பிடி லேசாகச் சுருக்கென்கிறது என்றாய். செருப்புப் போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னாய். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். ஊருக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அந்தச் செருப்பு என் மணைப்பலகைதான் என்று. பேரன் வெறுங்காலும் எச்சில் கையுமாக அந்த ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கப் பழகுவான்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் எல்லாப் பிளக் பாயின்ட்டிலும் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். அதுவரைக்கும் ஃபிரிட்ஜை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கி வை. பால் கெட்டால் கெடட்டும். அடுத்து, மெயின் போர்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் ஸ்விட்ச், இருக்கிறதா என்று கேள். டிரிப்பர் இருக்கிறதே என்று மாப்பிள்ளை சொல்வார். டிரிப்பர் வயர் எரியாமல் காப்பதற்கு. 10 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று அதன் அளவைத் தாண்டினால்தான் விழும். ஒரு ஆளின் நெஞ்சை நிறுத்த ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. ஆர்சிசிபி, வீட்டுக்குள் போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் வீட்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். எர்த்தும் சரியாக இருந்தால், கசிவு வந்த உடனேயே, யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் உண்டு. மாதம் ஒருமுறை அமுக்கிப் பார். கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் அது கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும்.

இன்னொன்று. டூ பின் பிளக்கைச் சொருக மாப்பிள்ளை மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தித் திறந்ததை நான் பார்த்தேன். கீழ் ஓட்டைகளுக்கு உள்ளே மூடியை வைத்திருப்பதே குழந்தை எதையும் உள்ளே விடக் கூடாது என்றுதான். மூன்று பின்னில் நீளமான எர்த் பின் முதலில் போய்த் திறந்தால்தான் மற்ற இரண்டும் திறக்கும். பெரியவர்கள் பேனாவால் குத்துவதைப் பார்க்கும் பிள்ளை நாளைக்கு ஸ்பூனால் குத்தும். அவரிடம் நான் சொன்னதாகவே சொல், கோபித்துக்கொள்ள மாட்டார்.

இண்டக்‌ஷன் அடுப்பின் பெரிய பிளக்கைக் கன்வர்ட்டர் போட்டுச் சின்ன பிளக் பாயின்ட்டில் மாட்டாதே. 6 ஆம்பியர் பாயின்ட் 1380 வாட்தான் தாங்கும், உன் அடுப்பு 2000 வாட். பிளக் ஓரம் பழுப்பாகிவிட்டது என்றாயே, அது இதனால்தான். குழந்தையைக் குளிப்பாட்ட ஹீட்டர் ராட் போடுகிறாய். ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். சார்ஜரை மாட்டியபடி வயரைத் தொங்க விடாதே, அதன் முனை நேராக அவன் வாய்க்குத்தான் போகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இன்றைக்கே கட்டிலடியிலிருந்து எடுத்து அலமாரி மேலே வைத்துவிடு.

ஹவுஸ் ஓனர் செலவு செய்ய மாட்டேன் என்றால் வாக்குவாதம் வேண்டாம். அனுமதி மட்டும் வாங்கிக்கொள், பணத்தை அப்பா அனுப்புகிறார். பழைய வீட்டில் நாலு வருடம் தள்ளிப்போட்டோமே என்று அவருக்கும் இன்னும் மனசு ஆறவில்லை.

இங்கே வெயில் இப்போதே கடுமை. தென்னைமரத்தடி எர்த் குழி காய்ந்துவிடக் கூடாது என்று ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். எலக்ட்ரீஷியன் வந்ததும் வீடியோ கால் போடு. அந்தக் குண்டு பல்பு ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் எரிவதை நானும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா