ரத்தம் எடுத்தவர்களுக்கும் நேரம் குறித்து வைத்தவர்களுக்கும்

பாப்பா தூங்குகிற நேரமாகப் பார்த்துத் துண்டு துண்டாக எழுதுகிறேன், கோர்வையாக இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் மாதக் கடைசியில் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலும் குளிருமாக என்னைத் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்ததும், அங்கே ஏற்றிய செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஒத்துக்கொள்ளாமல் பிபி தடாலென்று இறங்கியதும் நம் ஆட்களுக்கெல்லாம் தெரியும். டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை என்ற பிறகுதான் ஏற்றினார்கள். அந்தச் சின்ன ஊசி எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிடாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

முதல் நன்றி அன்றிரவு டியூட்டியில் இருந்த டாக்டரம்மாவுக்கு. உள்ளங்கை அரிக்கிறது, நாக்கு தடித்த மாதிரி இருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மருந்தை நிறுத்தி, தொடையில் அரை மில்லிகிராம் அட்ரினலின் போட்டுவிட்டார். மாசமாக இருக்கிறவளுக்கு அதெல்லாம் போடலாமா என்று பக்கத்தில் யாரோ கேட்டார்கள். தாயின் பிபி விழுந்தால் பிள்ளைக்குப் போகிற ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்துவிடும், பயப்பட வேண்டியது ஊசிக்கு அல்ல, தாமதத்துக்குத்தான் என்று அவர் மறுநாள் உட்கார்ந்து விளக்கினார். அந்த நேரத்தில் ஒரு சிஸ்டர் என்னை இடப்பக்கமாகச் சாய்த்து, கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தாதபடி பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் பாக்கெட்டில் இருந்த பேனா என் தோளில் குத்தியது இன்னும் நினைவிருக்கிறது. சிஸ்டர், அது கோபமில்லை, நன்றிதான்.

அப்புறம் லேப் அண்ணன். இந்த மடலே பாதி அவருக்காகத்தான்.

பிபி கொஞ்சம் ஏறியதும் டாக்டரம்மா லேபுக்குப் போன் போட்டு டிரிப்டேஸ் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். அது அடிக்கடி கேட்கிற டெஸ்ட் இல்லை, அந்த லேபில் செய்கிற வசதியும் இல்லை. "இங்கே இல்லை மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ சென்னையில் இருக்கும் பெரிய லேபுக்குப் போன் செய்து, எந்த ட்யூப், எப்படி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார். ட்யூபில் ஒட்டிய வெள்ளை பிளாஸ்டரில் மருந்து ஏற ஆரம்பித்த நேரம், அரிப்பு வந்த நேரம், ரத்தம் எடுத்த நேரம் மூன்றையும் பொடி எழுத்தில் எழுதினார். "டைம் இல்லாத சாம்பிளுக்கு மதிப்பே இல்லக்கா" என்றார்.

ஏன் என்று அப்புறம் புரிந்தது. அலர்ஜி உச்சத்துக்குப் போகும்போது உடம்பில் இருக்கும் மாஸ்ட் செல்கள் (அலர்ஜியைக் கிளப்பிவிடுகிற செல்கள்) கொட்டுகிற பொருள்களில் டிரிப்டேஸும் ஒன்று. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போகும், பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் தடயமே இருந்திருக்காது. அதே செல்கள் கொட்டுகிற ஹிஸ்டமின் இன்னும் வேகமாக மறைந்துவிடும், அதிலும் கர்ப்ப காலத்தில் அதைச் சிதைக்கிற நொதி நஞ்சுக்கொடியிலிருந்து நிறையச் சுரப்பதால் அதை நம்பவும் முடியாதாம். ஒரு நாள் கழித்து, உடம்பு பழைய நிலைக்கு வந்த பிறகு, அண்ணன் மறுபடி வந்து இன்னொரு சாம்பிள் எடுத்தார். டிஸ்சார்ஜ் அவசரத்தில் அதை நாங்கள் எல்லோருமே மறந்திருந்தோம்.

அந்த இரண்டாவது சாம்பிள்தான் காப்பாற்றியது. முதல் ரிப்போர்ட்டில் 10.6 என்று வந்தது. பக்கத்திலேயே 11.4 வரை நார்மல் என்று அச்சடித்திருந்தது. உடனே உறவில் ஒருவர், "பார்த்தீங்களா, எல்லாம் பயத்தில் வந்த மயக்கம்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். (பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படிப்பார்.) இரண்டாவது ரிப்போர்ட்டில் 3.5. சென்னை லேபிலிருந்து பேத்தாலஜி டாக்டர் ஒருவர் தானாகவே கூப்பிட்டு, ஊருக்குப் பொதுவான நார்மலைப் பார்க்காதீர்கள், உங்கள் சொந்த அளவை 1.2 ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள், அதைத் தாண்டினால் மாஸ்ட் செல் வேலை என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார். போனைப் பிடித்துக்கொண்டே கணக்குப் போட்டேன், 6.2 வந்தது. அந்த இரவு நான் அதைவிட எவ்வளவோ மேலே இருந்திருக்கிறேன். காய்ச்சலோடு வந்தவளுக்கு பிபி இறங்கினால் தொற்று ரத்தத்தில் பரவிவிட்டதோ என்றும் நினைக்கத்தான் செய்வார்கள். நடந்தது அனபிலாக்சிஸ்தான், அதாவது உயிருக்கே ஆபத்தான திடீர் அலர்ஜிதான் என்று அழுத்திச் சொல்ல அந்தக் கணக்கு உதவியது. டிரிப்டேஸ் ஏறாமலேயே அனபிலாக்சிஸ் வருவதும் உண்டு, அதனால் ரிப்போர்ட்டுக்காக யாரும் வைத்தியத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

அலர்ஜி டாக்டருக்கும் ஒரு பெரிய கும்பிடு. மருந்துதான் காரணம் என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். அவர் விடவில்லை. ரப்பர் கையுறை, தோலைத் துடைத்த குளோர்ஹெக்சிடின் என்று அந்த நேரத்தில் என் மேல் பட்டதையெல்லாம் கேட்டு எழுதினார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தோலில் குத்திப் பார்க்க வேண்டாம், அதிலேயே சிலருக்கு ரியாக்‌ஷன் வரலாம் என்று சொல்லி, ரத்தத்தில் அலர்ஜியைக் காட்டுகிற ஐஜிஇ மட்டும் பார்த்தார். ரப்பருக்கும் இல்லை, குளோர்ஹெக்சிடினுக்கும் இல்லை. செஃப்ட்ரியாக்சோனுக்கான தோல் பரிசோதனையைப் பிரசவத்துக்கு அப்புறம்தான் செய்தார். கையில் கொசு கடித்த மாதிரி வீங்கியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

சிசேரியனுக்கு அந்த மருந்துக் குடும்பத்தையே ஒதுக்கிவிட்டு கிளிண்டாமைசினும் ஜென்டாமைசினும் கொடுத்தார்கள். கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தும், மயக்க மருந்து டாக்டர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார். அவருக்கும் தியேட்டர் சிஸ்டர்களுக்கும் நன்றி. இரவெல்லாம் விழித்த அம்மாவுக்கும் அத்தைக்கும், லீவு கேட்டபோது முகம் சுளிக்காத ஆபீஸ்காரர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்கு வாருங்கள்.

மழையில் ஐஸ் பெட்டியோடு பைக்கில் வந்து சாம்பிளை வாங்கிப்போன தம்பியின் பெயர் மட்டும் தெரியாமல் இருந்தது. லேப் அண்ணனிடம் விசாரித்துவிட்டேன். அடுத்த வாரம் அல்வாவோடு வருகிறேன் தம்பி. அண்ணனுக்கு சுகர் இருக்கிறதாம், அவருக்கு மிக்சர்.