கணக்கு வகுப்பு மானியத் திட்டம்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தொடக்க வகுப்புகளின் கணக்குப் பாடத்துக்காகப் பெற்ற மானியத்தின் வேலை முடிந்துவிட்டது. இறுதி அறிக்கையும் பயன்பாட்டுச் சான்றும் தணிக்கை செய்த வரவுசெலவும் மானியம் தந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. சுவர் எண்கோடு, நூறு கட்டத் தாள்கள், மணிச்சட்டங்கள், அலமாரி ஆகியவை ஒதுக்கிய தொகைக்குள் முடிந்தன. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாமும் நீட்டவில்லை.

கேட்கப்பட்டது வேறு: "இவ்வளவு பணம் வந்தும் கண்ணுக்குத் தெரிகிற பொருள் ஏன் இவ்வளவுதான்?" மானியத்தை நூறு பங்காக வைத்தால் 56 பங்கு ஆசிரியர்களின் நேரத்துக்குப் போனது. பயிற்சி நாள்கள், அந்த நாள்களில் வகுப்பைப் பார்த்துக்கொண்ட மாற்று ஆசிரியர், வகுப்பறைக்கே வந்து உடனிருந்த வழிகாட்டி எல்லாம் இதில் அடக்கம். கருவிகளுக்கு 21, மதிப்பீட்டுக்கு 11, அச்சுக்கு 8, கணக்கு எழுதவும் தணிக்கைக்கும் 4. இந்தப் பங்கீடு விண்ணப்பத்திலேயே எழுதிக் கையெழுத்தானது. நடுவில் மாற்றியது அல்ல.

ஏன் இப்படி என்றால், கருவிகளில் முக்கியமானவை ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று செய்த எண் கட்டைகள். கட்டைகள் தாமாகக் கணக்கு சொல்லித் தருவதில்லை. ஆசிரியர் மேசைமேல் அடுக்கிக் காட்டுவார், பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள், மறுநாள் பாடநூல் திறக்கும், பெட்டி பூட்டப்படும். கட்டைகள் பிள்ளைகள் கைக்கே போனாலும் இன்னொரு கோளாறு உண்டு. தரையில் கட்டையால் ஒரு கணக்கு, நோட்டில் மனப்பாடமாக ஒரு கணக்கு என்று இரண்டும் தொடர்பில்லாமல் ஓடும். ஒரு பத்தை உடைத்து ஒன்றுகளாக மாற்றும்போதே நோட்டில் பத்தின் இடத்தில் ஒன்றைக் குறைத்து எழுத வேண்டும். பிறகு கட்டைக்குப் பதில் படம், அதன்பின் எண் மட்டும். எந்தப் பிள்ளையை எப்போது அடுத்த படிக்கு நகர்த்துவது என்று பார்க்கத்தான் வழிகாட்டி. கட்டை மட்டும் கேட்டு எழுதும் விண்ணப்பத்தை மதிப்பிடுபவர், "வாங்கிய பிறகு பிள்ளைக்கு என்ன மாறும்?" என்ற கட்டத்தில்தான் மதிப்பெண்ணைக் குறைப்பார்.

விண்ணப்பத்தின் 'தேவை' என்ற பகுதியை எழுதத் தேர்வு மதிப்பெண் பட்டியலை வைக்காமல் வாய்மொழிச் சோதனை எதற்கு என்றும் கேட்டார்கள். மதிப்பெண், தவறியது யார் என்று சொல்லும். எதில் தவறியது என்று சொல்லாது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து நான்கு கேள்வி கேட்கச் சொன்னோம். 52 − 27-க்கு 35 என்று வந்தால், அந்தப் பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது, இனமாற்றம் (ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுவது) புரியவில்லை. முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதினால் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது, இடமதிப்பு இல்லை. 8 + 4 = □ + 5 என்பதில் 12 அல்லது 17 போட்டால் சமக்குறியை 'விடை எழுது' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரிது என்றால், பின்னத்தின் கீழெண்ணை முழு எண்ணாகப் பார்க்கிறது. திட்டத்தின் ஒவ்வொரு செலவும் இந்த நான்கில் ஏதோ ஒன்றோடு கட்டப்பட்டது. முடிவிலும் இதே வகைக் கேள்விகளை, எண்களை மாற்றி, அதே முறையில் கேட்டோம்.

வகுப்புக்கு 32 பிள்ளைகள், நால்வருக்கு ஒரு கட்டைப் பெட்டி, ஆக 8 பெட்டி. இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் பயன்படுத்த 16, உதிரியாக 2. கால அட்டவணையில் இடமதிப்புப் பாடம் எல்லா வகுப்புக்கும் ஒரே வாரத்தில் வராதபடி மாற்றியதால் இந்த 18 போதும். நீளத்தால் எண்ணைக் காட்டும் குயிசினேர் கோல்கள் வாங்கியிருக்கலாமே என்றார்கள். 74 கோல்கள், பத்து நீளம், பத்து நிறம். பின்னத்துக்கும் எண் உறவுக்கும் அருமையானவை. நம் முதல் குறை இடமதிப்பு என்பதால் அதைக் காட்டும் டீன்ஸ் கட்டைகளை எடுத்தோம். பெட்டிக்கு 100 ஒன்றுகள், 10 பத்துகள், 10 நூறுகள், 1 ஆயிரம், ஆக 121. மொத்தம் 2,178 துண்டுகள்.

இனி, கட்டைகளைச் செய்து தந்த ஒப்பந்தக்காரரோடு வந்த தகராறு. காதுக்குக் காது பேசப்பட்டது போதும், நடந்தது இது.

மாதிரிப் பெட்டி சரியாக இருந்தது. மொத்தச் சரக்கு வந்ததும் ஒப்பந்த இணைப்பில் எழுதியிருந்தபடி சோதித்தோம். பத்து 'ஒன்று'களை நெருக்கி வரிசையாக வைத்தால் 100 மி.மீ. வர வேண்டும், 1 மி.மீ. கூடலாம், குறையலாம். பல பெட்டிகளில் 96, 97 என்று நின்றது. பத்து 'பத்து'களைப் பக்கவாட்டில் அடுக்கி 'நூறு' பலகைமேல் வைத்தால் ஓரத்தில் இடைவெளி. காரணம் மரம். ஈரம் காயாத மரத்தை அறுத்திருக்கிறார்கள். மரம் உலரும்போது நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கே நன்றாகச் சுருங்கும். ஆகவே 'பத்து'களின் நீளம் அப்படியே இருந்தது, அகலம் குறைந்தது. 'நூறு'கள் ஒட்டுப்பலகை என்பதால் அவையும் அசையவில்லை. சுருங்கியதும் சுருங்காததும் ஒரே பெட்டியில் சேர்ந்துகொண்டன.

ஒப்பந்தக்காரர், "துண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை, பிள்ளைகளுக்குத் தெரியவா போகிறது?" என்றார். உறுப்பினர்கள் சிலரும் அதையே சொன்னார்கள். ஒரு துண்டில் தெரியாதுதான். பத்தில் தெரியும், அதுவும் பிள்ளைக்கு முதலில் தெரியும். பத்து ஒன்று சேர்ந்தால் ஒரு பத்து என்பதைப் பிள்ளை எண்ணி மட்டும் நம்புவதில்லை, பக்கத்தில் வைத்துப் பார்த்து நம்புகிறது. அங்கே நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் கட்டை கற்பிப்பது 'கிட்டத்தட்ட'. இதற்கு மானியம் எதற்கு?

விலைப்புள்ளியில் '1 செ.மீ.' என்று மட்டும்தான் இருந்தது என்பது அவருடைய அடுத்த வாதம். விலைப்புள்ளியில் அப்படித்தான், அவர் கையெழுத்திட்ட ஆணையின் இணைப்பில் சோதனை முறை, அனுமதிக்கும் வேறுபாடு, சரக்கை ஏற்றுக்கொண்ட பிறகே 70 விழுக்காடு பணம் என்ற மூன்றும் இருந்தன. முன்பணம் 30 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்காததைக் 'கஞ்சத்தனம்' என்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முழுத்தொகையும் கொடுத்திருந்தால் இன்று சுருங்கிய கட்டையும் வழக்கும்தான் மிச்சம். கடைசியில் ஒன்றுகளும் பத்துகளும் அச்சில் வார்த்த பிளாஸ்டிக்காக மாறின. நூறுகளையும் ஆயிரத்தையும் அளந்து பார்த்து வைத்துக்கொண்டோம்.

இதில் இரண்டு நெருக்கடி வந்தது. திட்ட முடிவுத் தேதிக்குப் பிறகான ரசீது செல்லாது. ஆகவே அந்தத் தேதிக்கு முன்பே, கூடுதல் பணம் கேட்காத கால நீட்டிப்புக்கு எழுதி அனுமதி பெற்றோம். அடுத்தது பிளாஸ்டிக்குக்கு மாறியதால் வந்த விலை வித்தியாசம். ஒரு செலவுத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் மாற்ற முன் அனுமதி வேண்டும். செலவழித்துவிட்டுக் கேட்டால் கையைக் கடிக்கும். பயிற்சித் தலைப்பில் கை வைக்க நாம் விரும்பவில்லை. வித்தியாசம் முழுவதும் நன்கொடையால் ஈடானது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்; இங்கே அளந்ததற்குத்தான் ஏச்சு.

கொடுத்தவர்களை விட்டுவிட முடியாது. பெயர் வேண்டாம் என்று சொல்லி வித்தியாசத்தில் பாதியைத் தந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மீதியைப் பகிர்ந்துகொண்ட முன்னாள் மாணவர் குழுக்கள் இரண்டு, தாளின் விலையை மட்டும் வாங்கிக்கொண்ட அச்சக உரிமையாளர், அலமாரிக்குக் கூலி வாங்காத தச்சர், வெர்னியர் அளவியைக் கடனாகத் தந்ததோடு அளந்தும் கொடுத்த பட்டறைக்காரர், வாய்மொழிச் சோதனைக்கு வந்த பெற்றோர்கள், அவர்களுக்கு அதைப் பழக்கிய ஆசிரியைகள், வவுச்சர்களை ஒழுங்குபடுத்திய கணக்குப்பிள்ளை. உழைப்பாக வந்ததை மணிக்கணக்கில் பதிந்து, நம் பங்களிப்பாக அறிக்கையில் காட்டியிருக்கிறோம்.

பலன்: கழித்தலிலும் இடமதிப்பிலும் பிழைகள் நன்றாகக் குறைந்தன. சமக்குறியில் மாற்றம் குறைவு. பயிற்சித் தாள்களில் விடை எழுதும் கட்டம் (□) எப்போதும் வலப்பக்கமே இருப்பது ஒரு காரணம், அதை மாற்றி அச்சிட்டு வருகிறோம். பின்னத்தில் சொல்லும்படி ஒன்றுமில்லை. அதற்கு இந்த மானியத்தில் நேரம் ஒதுக்கவில்லை என்று இறுதி அறிக்கையில் அப்படியே எழுதினோம். மெழுகி எழுதச் சொன்னவர்களுக்கு ஒரு செய்தி: அடுத்த விண்ணப்பத்தின் 'தேவை' பகுதி இதுதான்.

பெட்டிகள் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டன. எடுப்பவர் துண்டுகளை எண்ணிக் கையெழுத்திட வேண்டும். ஒன்றுகள்தான் முதலில் காணாமல் போகும், உதிரிப் பெட்டியிலிருந்து நிரப்பிக் குறிக்கவும். கணக்கில் ஆட்சேபம் உள்ளவர்கள் வவுச்சர் எண்ணைக் குறிப்பிட்டு, பொதுக்குழுவுக்கு முன் எழுத்தில் தரவும். வாய்வழி ஆட்சேபங்களுக்கு இனி பதில் எழுதப்படாது.

திட்டக் குழு